கழலாத கொக்கி, கழன்ற முட்டி!

உலகத்தில் பெரும்பாலான கொக்கிகளுக்கு ஒரே ஒரு வேலைதான். கதவுத் தாழ்ப்பாள் என்றால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பெல்ட் பக்கிள் என்றால் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆனால், ஸ்கீ பைண்டிங் என்ற கொக்கிக்கு மட்டும் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு வேலைகள். பிடிக்க வேண்டிய நேரத்தில் உடும்புப்பிடியாகப் பிடிக்க வேண்டும். விட வேண்டிய நேரத்தில், 'போய்யா!' என்று விட்டுவிட வேண்டும். எது எந்த நேரம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆபீஸில் பல பேருக்கே தெரியாத விஷயம் இது. ஒரு ஸ்பிரிங்கிடம் எதிர்பார்க்கிறோம்!

ஊட்டிக் குளிருக்கு மேல் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்கீ என்பது பனிச்சரிவில் வழுக்கிக்கொண்டு போவதற்கான நீளமான மெல்லிய பலகை. காலுக்கு ஒன்று. காலில் போடுகிற பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக்கில், கெண்டைக்காலின் பாதிவரை வரும். போட்டால் ரோபோ நடைதான். இந்தப் பூட்ஸைப் பலகையோடு பிணைத்து வைக்கிற சமாசாரம்தான் பைண்டிங். கால்விரல் பக்கம் ஒரு கவ்வி, குதிகால் பக்கம் ஒரு கவ்வி. முன்பக்கக் கவ்வி பக்கவாட்டில் திறக்கும். பின்பக்கக் கவ்வி மேல்நோக்கித் திறக்கும். கால் முறுகினால் முன்னது விடும். முகம் குப்புற விழுந்தால் பின்னது விடும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. இது எனக்குத் தெரியவர ஒரு மதுரைக்காரரின் வலது முட்டி செலவாயிற்று.

ம்யூனிக்கில் நான் வேலை பார்க்கிற ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு முறை, பிப்ரவரி மாதம், பஸ் பிடித்து ஆஸ்திரியாவின் டிரோல் மலைக்குப் போவார்கள். வராதவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகாதவனை நாம் பார்ப்பதுபோல. 2023ல் பஸ்ஸில் இருந்த தமிழர்கள் இரண்டே பேர். நான், அப்புறம் எங்கள் அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஆபீஸில் எனக்குப் பத்து வருஷம் ஸீனியர். ம்யூனிக் வந்த முதல் வாரத்தில் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்த குடும்பம். வயது 44, உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். மதுரையில் காலேஜ் கபடி டீமில் ரெய்டராக இருந்தவர். அதனால், 'பனியாவது, ஒண்ணாவது!' என்ற ஒரு எண்ணம் அவருக்கு உண்டு.

மலையடிவாரத்தில் வாடகைக் கடை. பூட்ஸ் மாட்டிவிட்ட பையன் ஒரு ஃபாரத்தை நீட்டினான். உயரம், எடை, வயது, அப்புறம் 'நீங்கள் எந்த வகை?' என்று ஒரு கேள்வி. 1 என்றால் மெதுவாக, ஜாக்கிரதையாகப் போகிறவர். 3 என்றால் வேகமாக, செங்குத்துச் சரிவில் பாய்கிறவர். 2 என்றால் நடுவாந்திரம். இந்த விவரங்களோடு பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளத்தையும் சேர்த்து ஒரு அட்டவணையில் பார்த்தால் ஒரு எண் கிடைக்கும். ஸ்க்ரூ டிரைவரால் பைண்டிங்கின் ஸ்பிரிங்கை அந்த எண்ணுக்குத் திருகி வைப்பார்கள். டின் எண் என்று பெயர். நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி ஜெர்மனியின் தரக் கழகம் டின். அதன் பெயரே எண்ணுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எண் பெரிசானால் பிடி இறுகும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரு படி குறைத்து வைப்பார்கள், எலும்புக்கும் வயதாகிறது என்பதால்.

அண்ணன் ஃபாரத்தை வாங்கி எடைக்கு நேரே 78 என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, போன வாரம் 84ன்னு சொன்னீங்களே?"

"ஜாக்கெட்டோட சொன்னேன்டா தம்பி."

பக்கத்தில் அக்கவுன்ட்ஸ் பெண்மணி, ஐம்பதை நெருங்குகிறவர், வகை 2 என்று டிக் அடித்தார். அவர் நாலு வயதிலிருந்து ஸ்கீ பண்ணுகிறவர். அண்ணன் அதைப் பார்த்தார். தன் ஃபாரத்திலும் 2ஐ டிக் அடித்தார். வாழ்க்கையில் அன்றுதான் முதல் முதலாகப் பலகையில் ஏறப் போகிறவர்!

எனக்கு 1. கூச்சமே படவில்லை. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே அன்று ஸ்கோர் எழுதிய ஜாதி நான்.

காலையில் இரண்டு மணி நேரம் ஒரு வாத்தியார் கற்றுக்கொடுத்தார். பலகைகளின் முனைகளை உள்பக்கம் சேர்த்து 'ஆப்பு' மாதிரி வைத்துக்கொண்டால் பிரேக் பிடிக்கும். மூன்று வயது வாண்டுகள் எங்களைத் தாண்டிப் போனதுகள். அண்ணன் மூன்று முறை விழுந்தார். மூன்று முறையும் பைண்டிங் 'டக்'கென்று கழன்று, பலகை தனியாக, அண்ணன் தனியாக. எழுந்து, பனியைத் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார். "சூப்பர் சிஸ்டம்டா" என்று பாராட்டு வேறு.

நாலாவது முறை மத்தியானம் மூன்று மணிக்கு. நீலப் பாதை. அங்கே சுலபமான சரிவுக்கு நீலம், அடுத்தது சிவப்பு, அதற்கும் மேலே கறுப்பு. வேகமே இல்லை. சைக்கிளில் பால்காரர் போகிற வேகம்தான். திருப்பத்தில் அண்ணன் பின்பக்கமாகச் சாய்ந்தார். நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி, பிருஷ்டம் முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டது. கீழே ஆபீஸ் கும்பல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே! எழுந்துவிடப் பார்த்தார். ஒரு கை பின்னால் போயிற்று, வலது பலகை உள்பக்கமாகக் கடித்தது, 'பொளக்' என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. உட்கார்ந்துவிட்டார். பலகை இரண்டும் காலிலேயே இருந்தன.

மீட்புக்காரர்கள் வந்து படகு மாதிரி ஒரு ஸ்லெட்ஜில் அவரைக் கட்டிக் கீழே கொண்டுபோனார்கள். (ஹெலிகாப்டர் வராதவரை சந்தோஷம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதில் ஏறினால் பில் ஆயிரக்கணக்கான யூரோவில் வரும்.) பள்ளத்தாக்கில் டாக்டர், முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து, மேஜை டிராயரை இழுப்பதுபோல் முன்னால் இழுத்தார். டிராயர் வந்தது! வரக்கூடாது. ஸ்கேன் எடுக்கும் முன்பே, "க்ராய்ட்ஸ்பாண்ட்" என்றார்.

ஜெர்மன் கற்றுக்கொள்ளாமலே தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை அது. அங்கே எந்த ஆபீஸிலும் நாலு பேருக்கு ஒருவராவது தனக்கோ மச்சானுக்கோ அது அறுந்த கதை சொல்வார். குறுக்குத் தசைநார் என்று அர்த்தம். முட்டிக்குள்ளே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் எக்ஸ் எழுத்து மாதிரி குறுக்காக இணைக்கிற இரண்டு நார்கள். முன்னால் இருப்பதுதான் ஏ.ஸி.எல். மூன்று சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் தடிமன். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், கண்டபடி முறுகாமலும் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். நம் ஊரில் கபடி மைதானத்திலும் ஃபுட்பால் மைதானத்திலும் அறுவது இதேதான். பத்து வருஷம் கபடியில் அறுக்காததை அண்ணன் ஒரு மத்தியானத்தில் அறுத்துக்கொண்டார்.

வீட்டில் சோபாவில், முட்டியில் ஐஸ் பையோடு, அண்ணனுக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம்.

"ஏன்டா தம்பி, மூணு தடவ விழுந்தப்ப டக்கு டக்குன்னு கழண்டுச்சு. நாலாவது தடவ மட்டும் அதுக்கு என்ன கேடு? கடைக்காரப் பய தப்பாத் திருகியிருக்கான். விடக்கூடாது. கேஸ் போடணும்!"

அண்ணி சமையலறையிலிருந்து, "எடையச் சரியா எழுதுனீங்களா?" என்று கேட்டார். அண்ணன் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. வாடகை ரசீது, அண்ணனின் ஆவேசம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கார அம்மாள் ரசீதைப் பார்த்தார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதே ஜோடிப் பலகையைத் தேடி எடுத்தார். ஒரு மெஷினில் மாட்டினார். செயற்கைக் கால் ஒன்று பூட்ஸுக்குள் நுழைந்து முறுக்குகிறது, எத்தனை முறுக்கில் கொக்கி விடுகிறது என்று திரையில் காட்டுகிறது. ஐ.எஸ்.ஓ. 11088 என்று இதற்கு ஒரு சர்வதேச விதிமுறையே இருக்கிறது. பைண்டிங் எந்த எண்ணில் விட வேண்டுமோ அங்கே கச்சிதமாக விட்டது. மூன்று முறை செய்து காட்டினார்.

"கோளாறு இல்லை. ஆனால், உங்கள் நண்பர் உண்மையான எடை சொன்னாரா?" என்று கேட்டார். ஊர் உலகமெல்லாம் பெண்டாட்டிகளும் கடைக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

சொன்னேன். வகை விஷயத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் அட்டவணையை எடுத்து விரலால் தடவினார், சிரித்துவிட்டார். எடை 78 என்பதால் அட்டவணையில் ஒரு வரிசை மேலே, அதாவது இளகிய பக்கம். வகை 2 என்பதால் ஒரு வரிசை கீழே, இறுகிய பக்கம். நிஜமான 84 கிலோ, நிஜமான வகை 1 என்று எழுதியிருந்தாலும் அதே வரிசைதான்! இரண்டு பொய்யும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அண்ணனுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய எண்ணே கிடைத்திருக்கிறது. பொய்யிலும் கணக்கு டேலி ஆக வேண்டும் என்பது அக்கவுன்டன்ஸியின் விதி.

அப்படியானால் ஏன் விடவில்லை? அந்த அம்மாள் தோளைக் குலுக்கி, "அது முட்டிக்காகச் செய்தது இல்லையே" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியம் என்னைப் பிடுங்கியது. அப்புறம் நாலு மாதம், சாயங்கால வேளைகளில், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கதை சுவாரஸ்யமானது.

நார்வேயில் டெலிமார்க் என்ற பகுதியில் மோர்கெடால் என்று ஒரு கிராமம். ஸோன்ட்ரே நோர்ஹைம் என்ற ஏழை விவசாயி, 1860களில், மரக்கொம்புகளை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். அதுவரை கால்விரல் வார் மட்டும்தான். குதித்தால் பலகை கழன்று ஓடும். இவர் கட்டிய கட்டில் தாவவும் திரும்பவும் முடிந்தது. பிறகு ஆளாளுக்கு இன்னும் இறுக்கினார்கள். 1920களின் கடைசியில் கிடோ ரோய்கே என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர் (இசைப்பெட்டி தயாரிக்கிற குடும்பம்) குதிகாலைச் சுற்றி ஸ்பிரிங் கேபிளைப் போட்டு இழுத்துப் பூட்டினார். அதன் பெயர் காந்தஹார் பைண்டிங். ஆமாம், ஆப்கானிஸ்தானத்துக் காந்தஹார்தான்! 1880ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திய ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேய ஜெனரலின் பட்டப்பெயர் ஒரு ஸ்கீ கோப்பைக்குப் போய், அங்கிருந்து கிளப்புக்குப் போய், அங்கிருந்து கொக்கிக்கு வந்தது. இந்த ராபர்ட்ஸ் அடுத்த வருஷமே நம் மதராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக வந்து 1885 வரை இருந்தவர். பனியில் கால் உடைத்துக்கொள்கிற கருவிக்கும் நமக்கும் இந்த அளவுக்காவது சம்பந்தம் உண்டு.

இறுகக் கட்டினால் நன்றாகத் திரும்பலாம். விழுந்தால்? காலும் பலகையும் பிரிவதில்லை. முறுக்கு முழுவதும் கீழ்க்கால் எலும்புக்கு. அமெரிக்காவில் இந்த மாதிரிக் கட்டுகளுக்குச் செல்லப் பெயரே 'கரடிப்பொறி'. ஸ்கீ ஊர்களில் மாவுக்கட்டு ஒரு சாதாரணக் காட்சி.

ஹயால்மர் வாம் என்று ஒருவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகனில் குடியேறியவர், பெரிய பந்தய வீரர். 1937ல் மவுன்ட் ஹூட் மலையில் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தெளிந்ததும் முதலில் கேட்டது பென்ஸிலும் காகிதமும் என்பார்கள். பக்கவாட்டு முறுக்கில் தானாக விடுகிற முன்கவ்வியை வரைந்தார். 1939ல் பேடன்ட். வியாபாரம் முதலில் சுமார்தான். 'கழன்றுவிடுகிற கொக்கியா? பயந்தாங்கொள்ளிகளுக்கு!' என்று வீரர்கள் ஒதுக்கினார்கள். ஐம்பதுகளில்தான் பிரான்ஸில் ஜான் பேய்ல், ஜெர்மனியில் ஹான்னஸ் மார்க்கர் என்று ஆளுக்கொரு பக்கம் இதையே கெட்டிப்படுத்தினார்கள். லுக், மார்க்கர் என்ற பெயர்களில் அவர்கள் சந்ததிக் கொக்கிகள் இன்றைக்கும் கடைகளில் இருக்கின்றன.

அறுபதுகளில் தோல் பூட்ஸ் போய், உயரமான பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது. கணுக்கால் முறிவு குறைந்தது. நல்ல பைண்டிங் வந்து, சரியாகத் திருகவும் அட்டவணை வந்தது. கீழ்க்கால் முறிவு குறைந்தது. ஆனால், காயம் மாடி ஏறிக்கொண்டே போயிற்று. கணுக்காலில் குடியிருந்தது கெண்டைக்காலுக்கு வந்து, அங்கேயும் காலி பண்ணச் சொன்னதும் முட்டியில் வாடகைக்குப் பிடித்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் மூன்று பேர். ராபர்ட் ஜான்ஸன் எலும்பு டாக்டர், கார்ல் எட்லிங்கர் பைண்டிங் நிபுணர், ஜாஸ்பர் ஷீலி புரொஃபஸர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சுகர்புஷ் என்ற ஸ்கீ மலை. 1972ல் ஆரம்பித்து, அங்கே அடிபட்டு வருகிறவர்களையெல்லாம் வருஷா வருஷம் குறித்துவைத்தார்கள். எப்படி விழுந்தாய், பைண்டிங் விட்டதா, எந்த எண்ணில் இருந்தது என்று. அடிபட்டவர் பைண்டிங்கையே மெஷினில் மாட்டிப் பார்த்தார்கள். கீழ்க்கால் எலும்பு முறிவு செங்குத்தாகச் சரிந்தது. அதே காலத்தில் ஏ.ஸி.எல். அறுவது மளமளவென்று ஏறியது, தொண்ணூறுகளின் ஆரம்பம் வரைக்கும். கம்பெனிகள் எவ்வளவு நல்ல பைண்டிங் செய்தாலும் முட்டிக்கு விமோசனம் இல்லை.

காரணம் அந்தக் கடைக்கார அம்மாள் சொன்னதுதான். அட்டவணையில் இருக்கிற எண், கீழ்க்கால் எலும்பு எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்ற கணக்கில் வந்தது. அதற்கு முன்னால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் கொக்கிக்குக் கொடுத்திருக்கிற உத்தரவு. முட்டிக்குள் இருக்கிற நார், கால் இருக்கிற நிலையைப் பொறுத்து, அதைவிடக் குறைந்த முறுக்கிலேயே அறுந்துவிடலாம். முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, தொடைத் தசை எப்படி இழுக்கிறது, ஆள் முன்னால் சாய்கிறாரா பின்னால் உட்காருகிறாரா... இதெல்லாம் பூட்ஸுக்கு அடியில் கிடக்கிற ஸ்பிரிங்குக்கு எப்படித் தெரியும்? வாட்ச்மேனை கேட்டில் நிறுத்திவிட்டு, மூன்றாவது மாடியில் திருடு போனதற்குத் திட்டுகிற கதைதான்.

அண்ணன் விழுந்த விதத்துக்கு வெர்மான்ட்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'பேய்க்கால்' என்று சொல்லலாம். உங்கள் செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாதம் முன்னால்தான் நீண்டிருக்கிறது. குதிகாலுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. ஸ்கீயில் அப்படியில்லை. குதிகாலுக்குப் பின்னாலும் முழங்கை நீளத்துக்கு மேல் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். பிருஷ்டம் முட்டிக்குக் கீழே இறங்கி, கை பின்னால் போய், எடை முழுக்க ஒரு பலகையின் வால் பக்கத்து உள்விளிம்பில் ஏறும்போது, அந்த வால் பின்பக்கம் திரும்பிய இன்னொரு பாதம்போல் வேலை செய்கிறது. மடங்கிய முட்டியை அது உள்பக்கமாக முறுக்கும். பேய்க்குக் கால் கிடையாது என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். வெர்மான்ட்டில் கால் மட்டும் கிடைத்திருக்கிறது!

'சரி, எல்லோருக்கும் இன்னும் லூஸாகத் திருகிவிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அந்த அம்மாளிடம் கேட்டேன். பனிக்கட்டி மேட்டில் சும்மா அதிரும்போதே கழன்றுவிடும் என்றார். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு காலில் பலகை இல்லாமல், எதிரே மரம். முட்டிக்குப் பதில் மண்டை. அதனால்தான் பந்தய வீரர்கள் நம்மைப்போல் மூன்று மடங்கு எண்ணுக்கு இறுக்கி வைத்துக்கொள்கிறார்கள். அதன் விலையையும் கொடுக்கிறார்கள். லிண்ட்ஸி வான், உலகத்தின் மகா வேகமான பெண்களில் ஒருவர், 2013ல் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் விழுந்து வலது முட்டியில் நார் அறுந்தது, எலும்பும் உடைந்தது. 2019ல் ஓய்வு பெற்றார். 2024ல் அதே முட்டியில் பாதியை மாற்றிச் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார். 40 வயதில் மறுபடி பந்தயத்துக்கு வந்து, 2025 மார்ச்சில் ஸன் வேலியில் இரண்டாவது இடம் பிடித்தார். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அந்தம்மாவுக்கு ஸ்பான்ஸர் இருக்குடா" என்றார்.

குதிகால் கவ்வியும் பக்கவாட்டில் விடுகிற மாதிரி பைண்டிங்குகள் பதினைந்து வருஷத்துக்கு மேலாக விற்பனையில் இருக்கின்றன. தர்க்கம் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால், வாடகைக் கடைகளில் நான் பார்த்தவரை வழக்கமான கொக்கிதான்.

கொக்கியால் ஆகாததை வெர்மான்ட்காரர்கள் வேறு வழியில் பிடித்தார்கள். 1993-94 குளிர்காலத்தில், இருபது ஸ்கீ மலைகளில் வேலை பார்க்கும் வாத்தியார்கள், மீட்புக்காரர்களுக்கு, நிஜமாக விழுகிற வீடியோக்களைப் போட்டுக் காட்டினார்கள். முட்டி எந்த நொடியில் போகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. புதுக் கொக்கி இல்லை, புது பூட்ஸ் இல்லை. அந்த ஸீஸனில் பயிற்சி பெற்றவர்களிடையே மோசமான முட்டிக் காயம் 62 சதவிகிதம் குறைந்தது. பயிற்சி பெறாத மலைகளில் குறையவில்லை.

சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமோ? கைகளை முன்னால் வை. கால்களைச் சேர்த்து வை. விழ ஆரம்பித்துவிட்டால் காலை நீட்டி உதைக்காதே. முக்கியமாக, சறுக்கல் நிற்கும்வரை எழுந்திருக்க முயலாதே! விழுகிறாயா, ஒழுங்காக விழு. மீசையில் ஒட்டுகிற பனியைப் பிறகு தட்டிக்கொள்ளலாம். எந்த இன்டர்வியூ கோச்சிங் கிளாஸிலும் சொல்லித்தராத பாடம்.

இதையெல்லாம் நான் அண்ணனிடம் ஒப்பித்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப கடைக்காரன் மேல தப்பு இல்லங்கற?"

"இல்லண்ணே."

"நான் 2 போட்டதுனாலயும் இல்லங்கற?"

"ரெண்டு பொய்யும் சேர்ந்து நேராயிருச்சுண்ணே."

"பெறகு யாரைத்தான்டா திட்டறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்.

அவருக்கு நிஜமான தலைவலி வேறு ஒன்று. ஆபரேஷனா, வேண்டாமா? அறுந்த நார் பெரும்பாலும் தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது நாராகப் பொருத்துவார்கள். அப்புறம் ஒன்பது மாதம் உடற்பயிற்சி. ஒரு டாக்டர் உடனே பண்ணச் சொன்னார். இன்னொருவர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். ஸ்வீடனில் 121 பேரை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி 2010ல் வெளியானது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் இரண்டு கோஷ்டிக்கும் முட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி. பொறுத்துப் பார்த்த 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் கத்திக்குப் போனார்கள். ஐந்து வருஷத்தில் அது ஏறக்குறைய பாதி ஆயிற்று.

பேப்பரைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "இதுல எல்லாரும் 35 வயசுக்குள்ளடா. என் வயசுக்காரன் ஒருத்தனும் இல்லயே!" உண்மைதான். ஆராய்ச்சிக்காரர்களும் அவர் வயதை மதிக்கவில்லை.

மதுரையில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. தினமும் வீடியோவில் பேசுவார், இடுப்புக்கு மேல் மட்டும். ஆகஸ்ட்டில் தங்கை மகள் காதுகுத்துக்குப் போக டிக்கெட் போட்டிருந்தது. ஆபரேஷன் செய்தால் போவது சந்தேகம். பயிற்சியைத் தேர்ந்தெடுத்தார். வாரம் மூன்று நாள் ஒரு பிஸியோதெரபிஸ்ட் பெண் அவரை ஒற்றைக் காலில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, பந்தை எறிந்து பிடிக்கச் சொல்வாள். ஆபீஸில் பிரிண்டர் ஓடும்போதெல்லாம் அவர் ஒற்றைக் காலில் நிற்பார். புதிதாக வந்தவர்கள் இது ஏதோ இந்திய வழிபாடு என்று நினைத்தார்கள்.

காதுகுத்துக்குப் போனார். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கும்போது மட்டும் மச்சான் கை கொடுத்தார். அம்மா பார்த்துவிட்டார். "என்னய்யா, முட்டிக்கு என்ன?" கேட்ட அடுத்த நிமிஷம் எல்லாக் கதையும் வெளியே வந்துவிட்டது. அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: "ஏறுறதுக்குக் கரண்டுல நாற்காலி வச்சிருக்கான்ல? அதுலயே எறங்கி வந்தா என்ன?" ஆல்ப்ஸ் மலையில் நூறு வருஷமாக யாருக்கும் தோன்றாத கேள்வி.

அந்த வருஷம் அக்டோபரில், யு-பான் ஸ்டேஷன் படியில் இறங்கும்போது முட்டி 'லபக்' என்று உள்ளே நழுவியது. நவம்பரில் இன்னொரு தடவை, அண்ணி முன்னாலேயே. 2024 ஜனவரியில் ஆபரேஷன். இப்போது சைக்கிள் ஓட்டுகிறார், படி ஏறுகிறார், ஷட்டில் ஆடுகிறார். மழை நாளில் கொஞ்சம் முனகுகிறார். அது முட்டியா, 46 வயதா என்று பிரித்துச் சொல்ல டாக்டரால் முடியவில்லை.

போன குளிர்காலத்தில் அண்ணிக்கு ஆசை வந்துவிட்டது. அண்ணன் எவ்வளவோ சொன்னார். "நீங்க விழுந்த மாதிரி விழ மாட்டேன், விழறது எப்படின்னு நான் வீடியோவுல பாத்துட்டேன்" என்று பதில். ஹாலில் மெத்தையைப் போட்டு, கையை முன்னால் வைத்து, பொத்தென்று விழுந்து விழுந்து ஒரு வாரம் பழகினார். கீழ்வீட்டு ஜெர்மன் தாத்தா வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

கடையில் அண்ணி ஃபாரத்தை வாங்கி, வகை 1 என்று பளிச்சென்று டிக் அடித்தார். எடை என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். நானும் அண்ணனும் பனியில் நின்றோம், அவர் பழக்க தோஷத்தில் ஒற்றைக் காலில்.